பிசிஎஸ்கே9 எலிசா கிட்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் ஆய்வகத்தில் கடந்த ஆறு மாதங்களாக இரத்தக் கொலஸ்ட்ராலின் அளவோடு தொடர்புடைய மனிதப் பிசிஎஸ்கே9 புரதத்தை அளப்பதற்கு ஒரே தயாரிப்பாளரின் எலிசா கிட்டை (ஒரு புரதத்தை ஆன்டிபாடிகளால் பிடித்து, அதன் அளவை நிறமாற்றத்தால் காட்டும் சோதனைப் பெட்டி) பயன்படுத்தி வருகிறோம். நான்கு பெட்டிகள் தீர்ந்து ஐந்தாவது திறந்திருக்கிறது. கல்லீரல் செல்கள் வளர்ந்த ஊடகம், செல்களை உடைத்தெடுத்த சாறு, உறைநிலையில் சேமித்துவைத்த சீரம் என மூன்று வகை மாதிரிகளையும் இதில் ஓட்டிப் பார்த்தாயிற்று. சில விஷயங்களில் மிக நன்றாகவும் சில விஷயங்களில் எரிச்சலூட்டும்படியும் இருக்கும் பொருள் இது என்பதால், வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியவில்லை. தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்தப் புரதத்தை அளக்கும் எந்தக் கிட்டை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவைதாம்.

கையேட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சிக்கலும் அங்கிருந்தே தொடங்குகிறது. முதல் பக்கத்தில் 'பின்னணி' என்ற தலைப்பின் கீழ் ஆறு வரிகள் உள்ளன. அவற்றுள் மூன்றாவது வரி, பிசிஎஸ்கே9 புரதங்களை வெட்டும் ஒரு நொதி என்றும், அது கல்லீரல் செல்லின் எல்டிஎல் ஏற்பியை ('கெட்ட' கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளை இரத்தத்திலிருந்து பிடிக்கும் புரதத்தை) வெட்டிச் சிதைக்கிறது என்றும் சொல்கிறது. பாதி சரி, பாதி தவறு. அச்சுப் பிழையைப்போல இதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் அதே கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'பிசிஎஸ்கே9 செயல்பாட்டை மதிப்பிட ஏற்றது' என்று ஒரு வாசகம் வருகிறது. மூன்றாவது வரியை நம்பிய ஒருவர்தான் அந்தக் கடைசிப் பக்கத்தையும் எழுதியிருக்க முடியும். கிட்டின் நிறைகுறைகளைச் சொல்வதற்கு முன் இந்த மரபணு உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

பிசிஎஸ்கே9 மரபணு 1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் புரதம் 692 அமினோ அமிலங்கள் நீளமுடையது. முதல் 30 அமினோ அமிலங்கள் சமிக்ஞைப் பெப்டைடு; 'இது வெளியே போக வேண்டிய சரக்கு' என்று செல்லுக்குச் சொல்லும் முகவரிச் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். எண்டோபிளாச வலைக்குள் நுழைந்ததும் அந்தச் சீட்டு கிழிக்கப்படுகிறது. அடுத்து நடப்பதுதான் விசித்திரம். புரதம் 152-ஆம் அமினோ அமிலத்துக்கும் 153-ஆம் அமினோ அமிலத்துக்கும் இடையே தன்னைத்தானே ஒருமுறை வெட்டிக்கொள்கிறது. வெட்டுப்பட்ட முன்துண்டு விலகிப் போய்விடுவதில்லை. பூட்டுக்குள் முறிந்து நின்றுவிட்ட சாவியைப்போல, வெட்டும் பள்ளத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே ஒட்டி நிற்கிறது. அப்படி அடைபட்ட நிலையில்தான் புரதம் கோல்ஜி வழியாகக் கடந்து இரத்தத்துக்குள் சுரக்கப்படுகிறது. அதாவது இந்த நொதி தன் வாழ்நாளில் வெட்டுவது ஒரே ஒருமுறை, அதுவும் தன்னைத்தான். அதன் பிறகு வேறெதையும் வெட்டுவதாகத் தெரியவரவில்லை.

அப்படியானால் எல்டிஎல் ஏற்பியை அது எப்படி அழிக்கிறது? வழக்கமாக அந்த ஏற்பி, இரத்தத்திலிருக்கும் எல்டிஎல் துகளைப் பிடித்துக்கொண்டு கல்லீரல் செல்லுக்குள் இறங்கும்; செல்லுக்குள் அதைச் சுமந்து செல்லும் சிறு பையான எண்டோசோமின் அமிலத் தன்மையில் துகளைக் கைவிட்டு, தன் நீண்ட உடலை மடக்கிக்கொண்டு, மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஓர் ஏற்பி இப்படி நூறு தடவைக்கு மேல் போய்வரும் என்பது கணக்கு. பிசிஎஸ்கே9 அந்த ஏற்பியின் ஈஜிஎஃப்-ஏ என்ற பகுதியில் ஒட்டிக்கொண்டு உடன் இறங்குகிறது. அமிலச் சூழலில் எல்டிஎல் துகள் பிடி தளர்ந்து விலகும். பிசிஎஸ்கே9 அதற்கு நேர்மாறாகப் பிடியை இறுக்குகிறது. ஏற்பியால் மடங்கவும் முடிவதில்லை, திரும்பி மேலே வரவும் முடிவதில்லை. இரண்டும் சேர்ந்து, செல்லின் கழிவுகளைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குள் போய்ச் சிதைகின்றன. மேற்பரப்பில் ஏற்பிகள் குறைந்தால் எல்டிஎல் இரத்தத்திலேயே தேங்கும். வெட்டும் திறன் இதற்குத் தேவையே இல்லை என்பது 2007-இல் தெளிவாயிற்று: வெட்ட முடியாதபடி மாற்றியமைத்த புரதத்துடன் அதன் முன்துண்டைத் தனியாகச் சேர்த்துச் செல்லுக்குள் தயாரித்தபோது, சுரக்கப்பட்ட அந்தப் புரதமும் ஏற்பிகளை வழக்கம்போலவே குறைத்தது.

கையேட்டை எழுதியவரைக் கொஞ்சம் மன்னிக்கவும் இடமுண்டு. 2003-இல் நபீல் சைதாவின் குழு இந்தப் புரதத்தை நார்க்-1 என்ற பெயரில் விவரித்தபோது, முன்புரதங்களை வெட்டிப் பக்குவப்படுத்தும் நொதிக் குடும்பத்தின் ஒன்பதாவது உறுப்பினராகவே அது அறிமுகமாயிற்று. பெயரின் கடைசியில் நிற்கும் 9 அங்கிருந்து வந்தது. அதே ஆண்டில், பரம்பரையாக எல்டிஎல் மிகையாக இருக்கும் பிரெஞ்சுக் குடும்பங்களில் இந்த மரபணுவில் மாற்றங்கள் இருப்பதை மரியான் அபிஃபாதெல், கேத்தரின் புவாலோ ஆகியோரின் குழு கண்டறிந்தது. குடும்பப் பெயரைப் பார்த்து வேலையை ஊகிப்பது மனித இயல்புதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு விற்கும் கிட்டின் கையேட்டில் அந்த ஊகம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அச்சாகக் கூடாது.

இனிப் பெட்டியைத் திறக்கலாம். எட்டுக் குழிகள் கொண்ட பன்னிரண்டு பட்டைகளாகப் பிரித்தெடுக்கக்கூடிய 96 குழித் தட்டு, ஒப்பிடுவதற்கான, அளவு தெரிந்த உலர்த்திய தரப்புரதம் இரண்டு குப்பிகள், பயோட்டின் இணைத்த கண்டறி ஆன்டிபாடி, ஸ்ட்ரெப்டாவிடின்-ஹெச்ஆர்பி, டிஎம்பி கரைசல், நிறுத்தக் கரைசல், கழுவும் தாங்கல் கரைசல் என எல்லாம் ஒழுங்காகப் பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. பட்டைகளைத் தனித்தனியாகப் பயன்படுத்த முடிவது பெரிய வசதி. முன்னோட்டத்துக்கு மூன்று பட்டைகளை மட்டும் எடுத்துவிட்டு மீதியை உறையில் மூடிவைத்தோம், ஒரு மாதம் கழித்தும் அவை கெடவில்லை. தட்டை மூடும் ஒட்டுத்தாள் மூன்றுதான் தருகிறார்கள், தட்டைப் பகுதி பகுதியாக ஓட்டுபவருக்கு அது போதாது.

தரப்புரதக் குப்பியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உள்ளே இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு மெல்லிய வெண்படலம். அனுப்பும் வழியில் அது மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. முதல் பெட்டியில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றாமல் மூடியைத் திறந்துவிட்டேன். தரப்புரதத்தின் தெரிந்த அளவுகளைக் கொண்டு வரையும் தரவளைகோடு படுத்தேவிட்டது, ஒரு முழு நாள் வீண். குப்பியைச் சுற்றிவிட்டுத் திறக்கச் சொல்லும் வாக்கியம் கையேட்டில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஏழாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பாக. கரைத்த பின் பத்து நிமிடமாவது அசைக்காமல் வைத்துவிட்டு, நுரை வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும்.

முறையாகச் செய்தால் வளைகோடு கண்ணுக்கு விருந்துதான். டிஎம்பி ஊற்றிய சில நிமிடங்களில் மேல் வரிசைக் குழிகள் நீலமாகத் தொடங்கி, கீழே போகப் போக வெளிறி, கடைசி வெற்றுக் குழியில் நிறமே இல்லாமல் நிற்கும். நிறுத்தக் கரைசல் விழுந்ததும் அத்தனை நீலமும் ஒரு நொடியில் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் படித்தால் இரட்டைக் குழிகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகவே இருந்தன. ஓரக் குழிகளில் மட்டும் வாசிப்பு சற்றுக் கூடுகிறது. தட்டை அடைகாக்கும்போது ஈரத்துணி விரித்த பெட்டிக்குள் வைத்ததும் அதுவும் சரியாயிற்று.

சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும் என்பதில் கையேடு நம்மை நேராகக் குழிக்குள் தள்ளுகிறது. பரிந்துரை பத்து மடங்கு. கிட்டின் உச்ச அளவோ மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். மனித இரத்தத்தில் பிசிஎஸ்கே9 மில்லிலிட்டருக்குச் சில நூறு நானோகிராம் அளவில் இருப்பது சாதாரணம். 300 நானோகிராம் உள்ள சீரத்தைப் பத்தால் வகுத்தால் 30 வருகிறது. வளைகோடு அங்கே எட்டவே எட்டாது. இந்தக் கணக்கைக் கையேடு எழுதியவர் போட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பரிந்துரை அச்சேறியிருக்காது. நாங்கள் நூறு மடங்கு நீர்த்துப் பயன்படுத்துகிறோம். ஐம்பது, நூறு, இருநூறு என்ற மூன்று நீர்ப்பிலும் திருப்பிப் பெருக்கிக் கிடைத்த மதிப்புகள் ஒத்துப்போகின்றன. இந்தப் புரதத்தில் அது சாதாரண வெற்றி இல்லை: பிளாஸ்மாவில் இருப்பதில் கணிசமான பகுதி எல்டிஎல் துகள்களிலேயே ஒட்டிக்கொண்டு திரிகிறது. அப்படி ஒட்டியிருப்பதையும் தவறவிடாத ஆன்டிபாடி இணையைத் தேர்ந்தெடுத்தமைக்குத் தயாரிப்பாளரைப் பாராட்டலாம்.

கிட்டின் உண்மையான பலமும் எல்லையும் எனக்குப் புரிந்தது ஒரு சிறு சோதனையில். ஹெச்இகே293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்வகையை நான்கு தட்டங்களில் வளர்த்து, ஒன்றில் இயல்பான பிசிஎஸ்கே9, இரண்டாவதில் டி374ஒய் என்ற மாற்றம், மூன்றாவதில் சி679எக்ஸ் என்ற மாற்றம், நான்காவதில் பிசிஎஸ்கே9 இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) செலுத்தினோம். டி374ஒய் பரம்பரையாக எல்டிஎல் மிகையை உண்டாக்கும் கடுமையான மாற்றம். சி679எக்ஸ் அதற்கு எதிர்த்துருவம்: புரதத்தின் கடைசி 14 அமினோ அமிலங்கள் இல்லாமல்போவதால், தன்னை வெட்டிக்கொள்வது வரை எல்லாம் நடந்தும் புரதம் செல்லைவிட்டு வெளியேறுவதில்லை. 2006-இல் ஜோனத்தன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில், இதையோ ஒய்142எக்ஸ் என்ற இன்னொரு மாற்றத்தையோ கொண்ட அமெரிக்கக் கறுப்பினத்தவரின் எல்டிஎல் சராசரியாக 28 சதவீதமும் இதயத் தமனி நோய் வாய்ப்பு 88 சதவீதமும் குறைந்திருந்தன. சுரக்காத ஒரு சுரப்புப் புரதம் ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் மருந்தாக வேலை செய்திருக்கிறது.

கிட் சொன்னது இது. சி679எக்ஸ் தட்டத்தின் ஊடகம் வெற்றுப் பிளாஸ்மிட் தட்டத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி சுத்தமாக இருந்தது. அதே செல்களை உடைத்தெடுத்த சாற்றிலோ வாசிப்பு எகிறியது. உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் கேட்க முடியாது. புரதம் சுரக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு இந்தக் கிட்டை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். செல் சாற்றைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடுமையான டிடர்ஜென்ட் கலந்த சாற்றை அப்படியே ஊற்றினால் ஆன்டிபாடிகள் படுத்துவிடும், கிட்டின் நீர்ப்புக் கரைசலிலேயே நன்றாக நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

ஆனால் இயல்பான புரதமும் டி374ஒய்யும் இருந்த இரண்டு ஊடகங்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தந்தன. கிட்டின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அந்த எண்ணை நம்பி இரண்டிலிருந்தும் சம அளவு புரதம் வருமாறு ஊடகத்தை எடுத்து ஹெப்ஜி2 என்ற கல்லீரல் செல்களின்மேல் ஊற்றி, சில மணி நேரம் கழித்து எல்டிஎல் ஏற்பியை வெஸ்டர்ன் பிளாட்டில் (ஒரு புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் முறை) பார்த்தோம். இயல்பான புரதம் விழுந்த தட்டத்தில் ஏற்பியின் பட்டை மங்கியிருந்தது. டி374ஒய் விழுந்த தட்டத்தில் அதைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஒற்றை அமினோ அமில மாற்றம் புரதத்தின் பிடியைப் பத்து மடங்குக்கும் மேல் இறுக்குகிறது. எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பது எலிசாவுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பது தெரியாது. வெட்டும் நொதியாக இருந்திருந்தால் வெட்டுவேகத்தை அளந்து செயல்பாட்டைச் சொல்லிவிடலாம். இதன் வேலையே பிடித்துக்கொள்வதுதான் என்பதால், செயல்பாடு வேண்டுமென்றால் ஏற்பியைத்தான் பார்க்க வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்க வாசகம் எனக்கு ஏன் கோபமூட்டுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

நோயாளிகளின் சீரத்தை அளப்பவர்கள் அடுத்த பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். கூட்டாய்வு ஒன்றுக்காக எங்களுக்கு எண்கள் மட்டும் இட்ட சீரக் குப்பிகள் வந்திருந்தன. அவற்றில் ஏழெட்டு மாதிரிகள் மற்றவற்றைவிடப் பல மடங்கு உயர்ந்த வாசிப்பைக் காட்டின. உடன் வந்த பட்டியலில் அதே மாதிரிகளுக்கு எல்டிஎல் மிகக் குறைவாக இருந்தது. பிசிஎஸ்கே9 கூடினால் எல்டிஎல்லும் கூட வேண்டும் என்று படித்திருந்த மாணவி, "கிட் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, மேடம்" என்று தட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கிட் கெடவில்லை. அந்த மாதிரிகளுக்கு உரியவர்கள் பிசிஎஸ்கே9-ஐப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி ஊசி போட்டுக்கொள்பவர்கள் என்பது பிறகு தெரிந்தது. 2015-இல் ஒப்புதல் பெற்ற அலிரோகுமாப், எவலோகுமாப் இரண்டும் இந்த வகை. ஆன்டிபாடியிடம் சிக்கிய புரதம் ஏற்பியில் ஒட்ட முடியாது. ஏற்பியோடு சேர்ந்து லைசோசோமில் அழிவதும் நின்றுபோகிறது. ஆகவே அது வேலையற்று இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டு நாளுக்கு நாள் குவிகிறது. மொத்த அளவை எண்ணும் இந்தக் கிட், சும்மா இருப்பதையும் வேலை செய்வதையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லிவிடுகிறது.

இன்கிளிசிரான் என்ற மற்றொரு ஊசி மருந்தைப் போட்டுக்கொள்பவர்களிடம் கதை தலைகீழ். அது கல்லீரல் செல்லுக்குள்ளேயே பிசிஎஸ்கே9-இன் தூது ஆர்என்ஏவை அழிப்பதால் புரதம் தயாராவதே குறைகிறது. வாசிப்பும் குறைகிறது, எல்டிஎல்லும் குறைகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையான ஸ்டாட்டினோ மூன்றாவது விதம்: செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியை அது தடுத்ததும், மரபணுக்களை முடுக்கிவிடும் எஸ்ஆர்இபிபி-2 என்ற புரதம் விழித்துக்கொண்டு, எல்டிஎல் ஏற்பியின் மரபணுவையும் பிசிஎஸ்கே9 மரபணுவையும் சேர்த்தே தூண்டிவிடுகிறது. ஒரு கையால் ஏற்பியைக் கூட்டி மறுகையால் அதை அழிப்பதையும் கூட்டுகிற இந்த ஏற்பாட்டால்தான் ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினாலும் பலன் அந்த விகிதத்தில் கூடுவதில்லை என்று பலர் கருதுகிறார்கள். மூன்று மருந்துகளும் எல்டிஎல்லைக் குறைக்கின்றன. கிட்டின் வாசிப்பு ஒன்றில் பல மடங்கு ஏறுகிறது, ஒன்றில் இறங்குகிறது, ஒன்றில் மிதமாக ஏறுகிறது. மருந்து விவரம் தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். ஒரு வரிகூட இல்லை. சீரம் எடுத்த நேரத்தையும் குறித்துவையுங்கள்: பட்டினியில் இந்தப் புரதம் குறையும், ஒரே நாளுக்குள்ளும் ஏறி இறங்கும்.

இன்னொரு கேள்வியும் இதிலிருந்து எழுகிறது. கிட்டின் ஆன்டிபாடி, மருந்து ஆன்டிபாடி ஒட்டும் அதே இடத்தில் ஒட்டுவதாக இருந்தால், மருந்து முன்பே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாசிப்பு பொய்யாகக் குறையும். எங்கள் மாதிரிகளில் வாசிப்பு உயர்ந்ததைக் கொண்டே இந்தக் கிட்டில் அப்படி நேரவில்லை என்று ஊகித்தோம். உறுதிப்படுத்திக்கொள்ள வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதியபோது முதலில் வந்தது, கையேட்டைப் பார்க்கவும் என்ற அச்சடித்த பதில். இரண்டாவது மடலில் ஆன்டிபாடியின் விவரம் வணிக இரகசியம் என்றார்கள். மூன்றாவது மடல் எப்படியோ விஷயம் தெரிந்த ஒருவரின் கைக்குப் போயிருக்கிறது: இரண்டு ஆன்டிபாடிகளும் ஏற்பியைத் தொடும் முகத்திலிருந்து விலகிய இடங்களிலேயே ஒட்டுகின்றன என்று அவர் தெளிவாக எழுதினார். அந்த ஒரு பதிலுக்காக மூன்று வாரம் காத்திருந்தோம்.

பேட்ச் மாறும்போது கவனம் தேவை. மூன்றாவது பெட்டி வேறு பேட்ச். எங்களிடம் சிறு பகுதிகளாகப் பிரித்து உறையவைத்திருந்த ஒரே கட்டுப்பாட்டுச் சீரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் படித்தது. நீண்ட ஆய்வு என்றால் தேவையான பெட்டிகளை ஒரே பேட்சில் மொத்தமாகக் கேட்டு வாங்குங்கள், கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் உங்களுடைய சொந்தக் கட்டுப்பாட்டுச் சீரம் ஒன்றையும் ஓட்டுங்கள்.

செல் வளர்ப்பில் சுரப்பை ஒப்பிடுபவர்களும், பிசிஎஸ்கே9 மருந்து எதுவும் எடுக்காதவர்களின் சீரத்தில் மொத்த அளவைப் பார்ப்பவர்களும் இதைத் தாராளமாக வாங்கலாம். ஆன்டிபாடி மருந்து எடுப்பவர்களை ஆராய்பவர்களுக்கு, மருந்தில் சிக்காத புரதத்தை மட்டும் அளக்கும் வேறு முறை வேண்டும். மரபணு மாற்றங்களின் விளைவை ஆராய்பவர்கள் இதை வாங்கிக்கொண்டு, ஏற்பியைப் பார்க்கும் ஏற்பாட்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்.

அந்த மூன்றாவது வரியை அடுத்த அச்சில் திருத்துவதாக வாடிக்கையாளர் பிரிவில் சொன்னார்கள். ஐந்தாவது பெட்டியின் கையேட்டிலும் அது அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் அந்த வரியை அடித்து 'வெட்டுவதில்லை, பிடித்துக்கொள்கிறது' என்றும், நீர்ப்பு விகிதத்தில் ஒரு சுழியைச் சேர்த்து '100' என்றும் பேனாவால் எழுதிவைத்திருக்கிறோம்.